அல்ஜீப்ரா வகுப்பு – கடிதம்

வணக்கம் சார்,

டாலஸ் பக்கம் இருக்கிறேன். ஊரில் பி.காம். முடித்தவள். அதில் வந்த வணிகக் கணிதத்தை எப்படியோ தாண்டினேன், அதற்கப்புறம் கணக்குப் பக்கமே போகவில்லை. இப்போது நர்சிங் படிக்கலாம் என்று கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து மேத் 1314, அதாவது காலேஜ் அல்ஜீப்ரா எடுத்திருக்கிறேன். கூடவே அதற்குத் துணையாக ஒரு சப்போர்ட் கிளாஸையும் கட்டிவிட்டார்கள். முதல் நாள் தந்த தாளில் கற்றல் இலக்குகள் என்று ஐந்து வரி. சார்புகள், மதிப்பகம், வீச்சகம், மடக்கை, மேட்ரிக்ஸ் என்று போகிறது. இதில் எதை முதலில் பிடிப்பது? பேசாமல் சூத்திரங்களை மனப்பாடம் செய்துவிடவா?

ச.

அன்புள்ள ச.,

அந்த ஐந்து வரி உங்கள் ஆசிரியர் எழுதியதாக இருக்காது. டெக்சஸ் அரசுக் கல்லூரிகளுக்கென்று மாநிலம் வைத்திருக்கும் பொதுப் பாடக் கையேட்டில் 1314க்கு அப்படித்தான் போட்டிருக்கிறது. ஒரு கல்லூரியில் வாங்கிய கிரெடிட் (பாடம் முடித்ததற்குக் கணக்கில் ஏறும் புள்ளி) இன்னொரு கல்லூரியில் செல்ல வேண்டும் என்றால் இரண்டிலும் ஒரே பாடம் நடந்திருக்க வேண்டுமே, அதற்கான ஏற்பாடு. புதிதாகப் படிக்க உட்காருகிறவருக்கு வழி சொல்வது அதன் வேலை இல்லை என்பதால் அதைப் பார்த்து மிரள வேண்டாம்.

நான் பார்த்தவரை இந்தப் பாடத்தில் தோற்கிறவர்கள் மடக்கை வரைக்கும் போய்த் தோற்பதில்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே, பட்டியலில் எழுதாத இடங்களில் சறுக்குகிறார்கள். அதெல்லாம் தெரிந்துதான் வந்திருப்பீர்கள் என்று பட்டியல் எடுத்துக்கொள்கிறது.

முதலாவது சமக்குறி. 8 + 4 = □ + 5 என்று கொடுத்துக் கட்டத்தில் என்ன வரும் என்று அமெரிக்கத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் 12 என்றார்கள். சமக்குறி என்றால் ‘இதோ விடை’ என்று அவர்கள் படிக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்று படித்தால்தான் 7 வரும். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று சிரிக்காதீர்கள், சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் 3ஐக் கழித்துவிட்டு மேலே போகிற கல்லூரி மாணவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

அடுத்தது வாக்கியத்தைச் சமன்பாடாக எழுதுவது. 1980ஐ ஒட்டி மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம் ஒரு கேள்வி வைத்தார்கள்: இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள், மாணவர் எண்ணிக்கை மா, பேராசிரியர் எண்ணிக்கை பே, சமன்பாடு எழுதுங்கள். நூற்றுக்கு 37 பேர் தப்பு. அதிலும் பெரும்பாலோர் ஒரே தப்பைச் செய்தார்கள், 6மா = பே. சரியானது மா = 6பே. பத்துப் பேராசிரியர் என்று போட்டு மாணவர் அறுபது வருகிறதா என்று பார்த்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். பொறியியல் படிக்க வந்தவர்களே இப்படி என்றால் உங்களுக்குத் தடுமாறுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அப்படிப் போட்டுப் பார்ப்பதைத்தான் மூன்றாவது இலக்காகச் சொல்வேன். √(அ + 3) = அ − 3 என்ற கணக்கில் இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தித் தீர்த்தால் 1, 6 என்று இரண்டு விடை வரும். 1ஐத் திரும்பப் போட்டால் இடப்பக்கம் 2, வலப்பக்கம் −2. ஆக 6 மட்டும்தான் விடை. வழிமுறையில் ஒரு பிழையும் செய்யாமலே பொய் விடை கிடைக்கிற இடம் இது. மனப்பாடம் இங்கே உங்களைக் காப்பாற்றாது.

சரி, பட்டியலில் இருப்பவை. சார்பு, மடக்கை எல்லாம் உங்களுக்குப் புதிது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், பி.காமில் தேய்மானம் போட்ட ஆள் நீங்கள்! ஒரு லட்ச ரூபாய் இயந்திரம். எத்தனையாவது வருஷம் என்று சொன்னால் அதன் மதிப்பைச் சொல்லிவிடும் விதி இருக்கிறதே, அதுதான் சார்பு. நேர்கோட்டு முறையில் வருஷம் பத்தாயிரம் கழித்தால் பத்து வருஷத்தில் பூஜ்யம். வரைந்தால் நேர்கோடு, அதுதான் நேரியல் சார்பு. குறைந்து செல் மதிப்பு முறையில் ஒவ்வொரு வருஷமும் மீதி மதிப்பில் பத்து சதவீதம் கழித்தால் 90,000, அப்புறம் 81,000, அப்புறம் 72,900. குறைந்துகொண்டே போகும், பூஜ்யத்தைத் தொடவே தொடாது. இது அடுக்குக்குறிச் சார்பு. வருஷம் என்ற இடத்தில் எந்த எண்களைப் போடலாம் என்பது மதிப்பகம் (இயந்திரம் வாங்குவதற்கு முந்தைய வருஷத்துக்குத் தேய்மானம் கிடையாது), மதிப்பு எந்தெந்த எண்ணாக வரலாம் என்பது வீச்சகம். இப்போது மதிப்பு பாதியாக எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டால்? ஆறாம் வருஷக் கடைசியில் சுமார் 53,100, ஏழாம் வருஷக் கடைசியில் சுமார் 47,800. இடையில் எங்கோ. 0.9ஐ எத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் 0.5 வரும் என்ற அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மடக்கை, கால்குலேட்டரில் தட்டினால் ஏறக்குறைய 6.58 வரும். மடக்கை விதிகளைப் பாட்டாகப் படிக்கும் முன் இந்த ஒரு கணக்கை நாலு விதமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். மேட்ரிக்ஸ் என்பது எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய கட்டம், அதில் இருப்பது கூட்டல், பெருக்கல் வேலை, கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

சப்போர்ட் கிளாஸை அவமானமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று தோன்றியது. 2017இல் டெக்சஸில் வந்த சட்டத்தின் வழியாக வந்தது அது. அதற்கு முன் ஆயத்த வகுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக, பட்டத்துக்கு உதவாத கிரெடிட்டுக்குக் காசு கட்டி முடித்த பிறகுதான் பலருக்கு 1314 வாசலே தெரியும், நிறையப் பேர் வழியிலேயே நின்றுவிடுவார்கள். இப்போது இரண்டும் ஒரே பருவத்தில். நான் மேலே சொன்ன மூன்றையும் கேட்கச் சரியான இடம் அதுதான், பின்னத்தில் சந்தேகம் என்றாலும் அங்கே கூச்சப்படாமல் கேளுங்கள். பாடநூலுக்குச் செலவு செய்யும் முன் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தையும் பாருங்கள், கல்லூரி அல்ஜீப்ரா நூல் அங்கே இலவசம்.

கடைசியாக ஒன்று, உண்மையில் இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நர்சிங்குக்கு 1314தான் வேண்டும் என்று யார் சொன்னது? காலேஜ் அல்ஜீப்ரா அடிப்படையில் கால்குலஸுக்குப் போகிற பாதை, நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கப்போகிறவருக்கு 1342, அதாவது ஸ்டாட்டிஸ்டிக்ஸ், எவ்வளவோ பயன்படும். நீங்கள் சேர நினைக்கும் நர்சிங் படிப்பு எதை ஏற்கிறது என்று அட்வைசரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாடத்தை மாற்றக் கொடுத்திருக்கும் கடைசித் தேதிக்குள் கேட்டுவிடுங்கள், அப்புறம் கேட்டுப் பிரயோஜனமில்லை.