ரேடியோ உறைக்குள் பவர் பேங்க் சூடாவது பற்றி

பழைய ரேடியோ வடிவில் அட்டை உறை செய்து, உள்ளே ஃபெல்ட் துணி ஒட்டியதிலிருந்து பவர் பேங்க் சூடாகிறது என்கிறீர்கள். சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைப்பது அந்தத் துணிதான், முதலில் அதைப் பிய்த்துவிடுங்கள். லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது.

துணிக்குப் பதிலாக நாலு மூலையிலும் சின்ன ரப்பர் துண்டு வைத்தால் சுற்றிலும் இடைவெளி கிடைக்கும். ஸ்பீக்கர் வலையைப் படமாக வரைந்திருக்கிறீர்களே, அங்கே நிஜமாகவே வரிசையாக ஓட்டை போடுங்கள். காற்றும் போகும், ரேடியோவும் அசலாகத் தெரியும்! பின்பக்கமும் கொஞ்சம் போடுங்கள்.

அப்புறம், பின்மூடியை ஒட்டிவிடாதீர்கள், வெல்க்ரோ போதும். பவர் பேங்குக்கு சார்ஜ் ஏற்றும்போது வெளியே எடுத்துவிடலாம். அது லேசாக உப்பியிருந்தால் மட்டும் உறையை மறந்துவிட்டு, பயன்படுத்துவதையே நிறுத்திவிடுங்கள்.