பசிபிக் தீவுகளில் பெண்களுக்குக் குடும்ப நிலத்தில் பங்கு உண்டா? தாய்வழிச் சமூகங்களில்கூட அது கைக்கு வருவதில்லை என்கிறார்களே, ஏன்?

தீவுக்குத் தீவு மாறும். நவ்ரூவில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் குடும்பம் கூடிப் பேச வேண்டும். பேச்சு ஒத்துவராவிட்டால் ஆண் பெண் என்று பார்க்காமல் பிள்ளைகளுக்கு நிலம் சமமாகப் பிரியும். 1938-இல் வந்த நிர்வாக ஆணை அது. கிரிபட்டியிலும் துவாலுவிலும் மகளுக்குப் பங்கு உண்டு, ஆனால் மகனின் பங்கு அதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று நிலச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. டோங்காவில் மகளுக்கு முழு வாரிசுரிமை கிடையாது. பிஜி, வனுவாட்டு, சாலமன் தீவுகள் ஆகிய மூன்றிலும் சட்டம் பெண்ணைத் தள்ளி வைக்கவில்லை. அங்கெல்லாம் உரிமை கைநழுவுவது ஒரு பதிவேட்டில், ஒரு கையெழுத்தில், அல்லது ஒரு கெடு தேதியில். ஆகவே எந்தத் தாளில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

பிஜியிலிருந்து தொடங்குகிறேன், அங்கே விவரம் அதிகம். நாட்டின் நிலத்தில் சுமார் 90 சதவீதம் பூர்வகுடி இதௌகெய் மக்களுடையது. தனி ஆள் பெயரில் பட்டா கிடையாது. மத்தங்கலி எனப்படும் வம்சக் குழுவின் பெயரில்தான் நிலம். விற்க முடியாது. எனவே 'பங்கு' என்றால் இத்தனை சென்ட் என்று அளந்து வாங்குவதல்ல. குழுவின் பதிவேட்டில் பெயர் இருப்பது, குத்தகைப் பணத்தில் ஒரு கூறு, குத்தகைக்கு விடலாமா என்று கேட்கும்போது சம்மதம் சொல்லும் உரிமை, வீடு கட்டவும் பயிர் வைக்கவும் ஓர் இடம். இந்த நான்கும் ஒன்றாக வருவதில்லை. பெண்களுக்கு முதல் இரண்டு பெரும்பாலும் கிடைக்கிறது, பின்னிரண்டில்தான் சிக்கல்.

பதிவேட்டின் பெயர் வோலா நி காவா புலா. குழந்தை பிறந்ததும் பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டால் இதில் பெயர் தானாக ஏறிவிடாது. இரண்டும் வேறு வேறு பதிவு. இதற்கென்று தனி விண்ணப்பம் கொடுக்க வேண்டும், குழுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். மணமான தம்பதியின் பிள்ளைகள் தந்தையின் மத்தங்கலியில் பதியப்படுவார்கள். மணமாகாத தாயின் குழந்தை தாயின் மத்தங்கலியில் பதியலாம், ஆனால் அதற்கு அந்தக் குழுவின் சம்மதம் கேட்கப்படும். தலைக்கு ஒரு பங்கு என்பதால் ஒவ்வொரு புதுப் பெயரும் மற்றவர்களின் கூறைக் குறைக்கிறது. தாயின் சொந்த அண்ணன் தம்பிகளே தயங்குவது இங்கேதான். விண்ணப்பம் தள்ளிப்போனால் பிள்ளை எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் வளர்ந்துவிடும், அதனால் தாய் உயிரோடும் ஊரோடு நல்லுறவோடும் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

மணமாகிப் போகும் பெண்ணின் பெயர் பிறந்த மத்தங்கலியிலேயே இருக்கும். கணவனின் பதிவேட்டுக்கு மாறாது. இது பலருக்கு வியப்பாக இருக்கும், ஆனால் பெண்ணுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு இதுதான்: எங்கே வாழ்ந்தாலும் பிறந்தவீட்டு நிலத்தின் குத்தகைப் பணத்தில் அவருக்குக் கூறு வரும். 

அந்தப் பணம் எப்படிப் பிரிகிறது என்பதற்கு ஒரு கணக்கு. மத்தங்கலி நிலத்தைக் குழுக்களின் சார்பில் குத்தகைக்கு விட்டு வாடகை வாங்கித் தருவது நில அறக்கட்டளை வாரியம். 2010 வரை அது 15 சதவீதம் நிர்வாகக் கழிவு எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் மூன்று படி தலைவர்களுக்கு 5, 10, 15 என மொத்தம் 30 சதவீதம் போகும். மீதி 70 சதவீதம்தான் உறுப்பினர்களுக்கு. ஆண்டுக்கு 10,000 பிஜி டாலர் வாடகை, குழுவில் 200 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவு போக 8,500, தலைவர்களுக்கு 2,550, மிச்சம் 5,950. தலைக்கு 29 டாலர் 75 சென்ட் வர வேண்டும். 2011 ஜனவரி முதல் தலைவர்களின் தனிப் பங்கு நீக்கப்பட்டு, பதிவேட்டில் உயிரோடிருக்கும் எல்லோருக்கும், ஆண் பெண் குழந்தை வேறுபாடின்றிச் சமம் என்றானது. வாரியத்தின் கழிவும் பின்னர் 10 சதவீதமாகக் குறைந்தது. அதே 10,000-இல் இப்போது 9,000 பிரியும், தலைக்கு 45 டாலர். தொகை பெரிதல்ல, உண்மைதான். ஆனால் பெண்ணின் பெயருக்கு நேரே பணம் வருகிறது என்பது சின்ன மாற்றமல்ல. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் கூறு தனிக் கணக்கில் காக்கப்பட்டு, 18 ஆனதும் கிடைக்கும்.

இதிலும் பணம் தவறும் இடங்கள் உண்டு. வங்கிக் கணக்கு எண் கொடுக்காதவரின் கூறு வாரியத்திலேயே தங்கிவிடும். புகுந்த ஊருக்குப் போன பெண்ணும் நகரத்துக்கு வேலைக்குப் போன பெண்ணும் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். வழி எளிது: சொந்தப் பெயரில் கணக்கு திறந்து, அடையாள ஆவணத்தோடு வாரிய அலுவலகத்தில் நேரில் பதிவது. அண்ணன் கணக்கைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். 18 நிறைந்த மகளுக்கும் அதே ஆண்டிலேயே பதிந்துவிட வேண்டும்.

சம்மதம் பெறும் முறைதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி. புதுக் குத்தகைக்கு வயது வந்த உறுப்பினர்களில் 60 சதவீதம் பேரின் சம்மதம் வாரியம் கேட்கும். எண்ணிக்கையில் பெண்களும் சேர்த்தி. ஆனால் கூட்டத்தில் பேச்சு நடப்பது ஆண்களுக்குள். முடிவான பிறகு தாள் வீடு வீடாக வரும், அடுப்படியில் நிற்கும் பெண்ணிடம் "இங்கே போடு" என்று பேனா நீட்டப்படும். எத்தனை ஏக்கர், எத்தனை ஆண்டு, ஆண்டு வாடகை என்ன, முன்பணம் உண்டா, அவர் மரவள்ளி வைத்திருக்கும் துண்டு அந்த எல்லைக்குள் வருகிறதா என்று யாரும் சொல்வதில்லை. குத்தகை பதிவானதும் அந்தத் துண்டு போய்விடும். ஆண்டுக்கு 45 டாலர் வரும், சாப்பாட்டுக்கு இருந்த தோட்டம் இருக்காது. கையெழுத்துக்கு முன் வரைபடத்தைக் கேட்டு, தோட்டங்களையும் குடிநீர் ஊற்றையும் அதில் குறித்து, அவற்றை விட்டுவிட்டு எல்லை போடச் சொல்வதுதான் வேலைக்காகும். கையெழுத்து ஏறிய பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

விதவையின் நிலை இன்னும் மோசம். கணவனின் ஊரில் வீடு இருக்கும், ஆனால் அந்த மண் கணவனின் மத்தங்கலியுடையது. அதில் அவர் உறுப்பினர் அல்ல. பிள்ளைகள் உறுப்பினர்கள் என்பதால் பெரும்பாலும் அவர்களை முன்னிட்டே இருக்க விடுகிறார்கள். பிள்ளை இல்லாத விதவையும் மணமுறிவு பெற்றவரும் பிறந்த ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அங்கே உரிமை உண்டு, ஆனால் வீட்டு மனை எங்கே என்று காட்ட வேண்டியவர்கள் அண்ணன் தம்பிகள். மகளைக் கட்டிக்கொடுக்கும்போது நிலமும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பிஜியில் முன்பு இருந்தது, நம் ஊர்ச் சீதனக் காணியைப் போல. காலனி ஆட்சியின் நில ஆணையம் மத்தங்கலி என்ற தந்தைவழிக் குழுவை நாடு முழுக்க ஒரே அளவுகோலாக வைத்துப் பதிந்தபோது இத்தகைய நெகிழ்வுகளுக்குத் தாளில் இடம் சுருங்கிவிட்டது.

இதே நிலத்தில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 1903 முதல் சென்னை மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வழிவந்த குடும்பங்கள் பல, இன்றும் மத்தங்கலி நிலத்தில் 30 ஆண்டுக் குத்தகை எடுத்துக் கரும்பு வைக்கின்றன. குத்தகைப் பத்திரம் கணவன் பெயரில் மட்டும் இருந்து அவர் இறந்துவிட்டால், மனைவி முதலில் நீதிமன்றத்தில் நிர்வாகப் பத்திரம் (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் ஆணை) பெற்று, பிறகு வாரியத்தின் சம்மதத்தோடு பெயர் மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் "பெரியவன் மேற்கே, சின்னவன் கிழக்கே" என்று வாய்ச்சொல்லில் பிரித்துக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய. வாரியத்தின் சம்மதம் இல்லாத எந்தக் கைமாற்றமும் நில அறக்கட்டளைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி செல்லாது. குத்தகை முடிந்து புதுப்பிக்கப் போகும்போது இறந்தவர் பெயரில் இருக்கும் பத்திரத்தை வைத்துக்கொண்டு அம்மா அலைய வேண்டியிருக்கும். கணவன் உயிரோடிருக்கும்போதே மனைவி பெயரையும் சேர்த்துக்கொண்டால் இந்த அலைச்சலில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

டோங்காவில் நிலம் முழுவதும் அரசருடையது. 1875 அரசமைப்பு அதை விற்கத் தடை செய்தது. 16 வயதான ஒவ்வோர் ஆணுக்கும் எட்டேகால் ஏக்கர் விளைநிலமும், அதிகபட்சம் 1,618 சதுர மீட்டர் (சுமார் 40 சென்ட்) குடியிருப்பு மனையும் பெறும் உரிமை உண்டு. நிலப் பற்றாக்குறையால் எல்லா ஆண்களுக்கும் அது கிடைப்பதில்லை என்பது வேறு. வாரிசு வரிசையில் சட்டபூர்வத் திருமணத்தில் பிறந்த மூத்த மகன் முதலில். விதவைக்கு ஆயுள் உரிமை மட்டும்; மறுமணம் செய்தாலோ, வேறு ஆணோடு உறவு என்று நிரூபிக்கப்பட்டாலோ அதுவும் போய்விடும். மகன் வழி இல்லாதபோது மணமாகாத மகள் ஆயுள்வரை வைத்திருக்கலாம், அதுவும் இதே நிபந்தனைகளோடு. இந்த நடத்தைச் சோதனை ஆண் வாரிசுக்குக் கிடையாது. ஒரு விதவையை மண்ணைவிட்டு எழுப்ப நினைக்கும் கொழுந்தனுக்கு வம்புப் பேச்சு ஆயுதமாகிறது என்பதால், இந்த விதி நீக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

அதே டோங்காவில் சகோதரி சகோதரனைவிட உயர்ந்தவர். தந்தையின் சகோதரியான அத்தைக்கு இழவு வீட்டில் முதல் இடம். அங்கே ஃபஹு என்ற மரியாதை பெறுபவர் தலைமாட்டில் அமர்வார், மிகச் சிறந்த பாய்களும் மரப்பட்டைத் துணிகளும் அவருக்குத்தான். இவ்வளவு உயர்வும் நிலச் சட்டத்துக்குள் வரவில்லை. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்க 2015-இல் அரசு முனைந்தபோது எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன, முயற்சி நின்றது. 

டோங்காப் பெண்களுக்கு நடைமுறையில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, நிலம் வைத்திருந்தவர் இறந்து 12 மாதத்துக்குள் விதவையோ வாரிசோ நில அமைச்சகத்தில் உரிமை கோர வேண்டும். தவறினால் நிலம் திரும்பப் போய்விடும். துக்கத்திலும், வெளிநாட்டில் இருக்கும் மகன் வரட்டும் என்ற காத்திருப்பிலும் இந்தக் கெடு கடந்துவிடுகிறது. இரண்டு, பெண் குத்தகைக்கு எடுக்கலாம். தந்தையோ சகோதரனோ பதிவு செய்த குத்தகையாக மகளுக்கு மனையைக் கொடுத்தால் அது காலம் முடியும்வரை நிற்கும். வாய்மொழியாக "நீ இங்கே வீடு கட்டிக்கொள்" என்றால் அண்ணன் இறந்த மறுநாள் அண்ணன் மகனுக்கு அந்த வீட்டின் மேல் கை இருக்கும்.

இனி தாய்வழிச் சமூகங்கள். சாலமன் தீவுகளில் குவாடல்கனால், இசபெல், மகிரா பகுதிகளில் நிலம் தாயின் குலத்தோடு வருகிறது, மலைத்தாவில் தந்தைவழி. தாய்வழி என்றால் பெண்தான் முடிவெடுப்பார் என்று பொருளல்ல. நிலம் பெண் வழியாக வரும், பேசுவது அவருடைய சகோதரன், அதாவது பிள்ளைகளுக்குத் தாய்மாமன். ஊருக்குள்ளேயே முடிகிற விஷயங்களில் அவர் சகோதரிகளைக் கேட்டுத்தான் பேசுவார், இல்லாவிட்டால் ஊர் ஏற்காது. மரம் வெட்டும் நிறுவனமோ சுரங்கமோ வரும்போது அந்தக் கட்டுப்பாடு அறுந்துவிடுகிறது. வழக்காற்று நிலத்தை, அதாவது மரபுப்படி குலம் வைத்திருக்கும் நிலத்தை, பதிவு செய்யும்போது அதிகபட்சம் ஐந்து பேர் குலத்தின் சார்பில் கூட்டு உரிமையாளர்களாகப் பெயர் கொடுப்பார்கள். ஐவரும் ஆண்களாகவே இருப்பது வழக்கம். ஐவரும் கையெழுத்திட்டால் மூவாயிரம் பேரின் காடு போய்விடும், பணம் எங்கே போனது என்று கேட்க வலுவான வழியும் இல்லை. பதிவுக்கு முன் அந்த ஐந்தில் குறைந்தது இரண்டு பெயராவது பெண்களுடையதாக இருக்க வேண்டும் என்று குலக் கூட்டத்தில் எழுதி வாங்குவதே பயனுள்ள இடையீடு.

மரம் வெட்டும் உரிமைக்கு மாகாண நிர்வாகம் விசாரணை நடத்தும். அங்கே நிலத்துக்கு உரியவர் யார் என்று தீர்மானிப்பார்கள். அறிவிப்பு வெளியான ஒரு மாதத்துக்குள் வழக்காற்று நில மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முறையிட வேண்டும். விசாரணை பல மணி நேரப் படகுத் தொலைவில் நடக்கும், படகுக்குப் பெட்ரோல் செலவு நிறுவனம் யாருக்குக் கொடுக்கிறதோ அவர்கள் வந்து பேசுவார்கள். பெண்கள் போவதானால் கையில் இரண்டு தாள் வேண்டும்: பாட்டி, பூட்டி என்று தாய்வழிப் பெயர்களை வரிசையாக எழுதிய வம்சாவளி, குலத்தின் புனித இடங்களைக் குறித்த வரைபடம். உரிமையை நிறுவ அங்கே எடுபடும் சான்றுகள் இவை. இரண்டும் பெரும்பாலும் வயதான பெண்களின் நினைவில்தான் இருக்கின்றன. வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு எதிர்ப்பை எழுத்தில் கொடுக்க வேண்டும், வாயால் சொன்னது மேல்முறையீட்டில் நிற்காது.

வனுவாட்டில் நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாகப் பேசியிருக்கிறது. சாந்தோ தீவின் ஷாம்பெய்ன் கடற்கரைக்குச் சுற்றுலாக் கப்பல்கள் வரும், வருமானம் உண்டு. அந்த வருமானம் குறித்து நோயெல் எதிர் டோட்டோ என்ற வழக்கு 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மணமாகிப் போன பெண்களுக்கு வழக்காற்றின்படி உரிமை இல்லை என்பது ஒரு தரப்பு வாதம். அரசமைப்பு பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிறது, அதற்கு முரணான வழக்காறு செல்லாது என்று தீர்ப்பானது. 2014-இல் நடைமுறைக்கு வந்த வழக்காற்று நில நிர்வாகச் சட்டத்தின்படி உரியவர் யார் என்பதை நகமால் எனப்படும் ஊர்ச்சபை முடிவு செய்கிறது; பல ஊர்களில் பெண்கள் அதற்குள் உட்கார்ந்து பேசுவதில்லை. சபை முடிவு எழுத்தில் பதிவாகும், குத்தகை அதன் அடிப்படையில்தான் நடக்கும். அந்தப் பதிவில் 'குடும்பம்' என்று பொதுவாக எழுத விடாமல், சகோதரிகளின் பெயர்களையும் மணமாகிப் போனவர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுதச் சொல்ல வேண்டும். பின்னால் வழக்கு வந்தால் 1995 தீர்ப்பைப் பிடித்துக்கொள்ள அந்தப் பெயர்கள் தாளில் இருந்தாக வேண்டும்.