ஏப்ரல் தண்ணீர்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன், ஐ.டி. வேலை. ஆறுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் எனக்குப் பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிக்கிற ஃபிளை ஃபிஷிங் ஆசை வந்தது. யூடியூப் பார்த்து ஒன்பதடி நீளத்தில் ஐந்தாம் எண் தூண்டில் ராடு வாங்கினேன். ஏப்ரல் பிறந்ததிலிருந்து மூன்று சனிக்கிழமை விடாமல் நியூயார்க் மாநிலத்து ராஸ்கோவுக்கு ஓட்டிப்போய் பீவர்கில் ஆற்றில் நின்றேன். காலை ஆறரைக்கே இறங்கிவிடுவேன். இடுப்பளவுத் தண்ணீரில், கண்ணுக்கெட்டிய தூரம் ஒருவரும் இல்லாமல் தனியாக நிற்பது பெரிய அனுபவம். ஆனால் ஒரு மீன்கூடத் தொடவில்லை. லைனை வீசினால் சாட்டை சொடுக்கினதுபோல் சத்தம் வருகிறது, முனையில் கட்டிய பூச்சியைக் காணோம்.

ஏப்ரலில் எந்த ஃபிளை கட்டினால் மீன் எடுக்கும்? விலை கூடின ராடு வாங்கினால் வீச்சு சரியாகுமா? பிடித்த மீனைத் திரும்ப விடுவது அதை வதைப்பதுதானே என்று மனைவி கேட்கிறாள். ஒன்பது வயது மகளைக் கூட்டிப்போகலாமா? கடைசியாக ஒன்று: நம் ஊரில் இல்லாத வெள்ளைக்காரர் விளையாட்டு இது, நமக்கு ஒட்டுமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் கடிதம் வந்தபோது, ஆற்றில் இறங்க நெஞ்சுவரை போட்டுக்கொள்ளும் நீர்புகா உடையான என் வேடர்ஸை வெயிலில் விரித்துப்போட்டு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தேன். வலது முழங்காலுக்குக் கீழே ஊசி குத்தின அளவுக்கு ஒரு துளை. ஒவ்வொரு ஏப்ரலிலும் இந்த வேலையைச் செய்யும்போது ஒரு பழைய நாள் நினைவுக்கு வரும். கையில் பசையோடு அதை நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதத்தைத் திறந்தேன்.

ராடின் நீளம் எழுதியிருக்கிறீர்கள், எண் எழுதியிருக்கிறீர்கள், எத்தனை மணிக்கு இறங்கினீர்கள் என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்ன நிறம், கலங்கலா தெளிவா, முந்தின நாளைவிட ஏறியிருந்ததா, எவ்வளவு சில்லிட்டிருந்தது? மூன்று முறை படித்துத் தேடினேன். மூன்று சனிக்கிழமை ஒரு ஆற்றுக்குள் நின்றுவிட்டு வந்தவர் அந்த ஆற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லாமல் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் எழுதாததை நான் சொல்கிறேன். ஏப்ரல் முதல் வாரம், கேட்ஸ்கில் மலை, காலை ஆறரை மணி. தண்ணீர் 39 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்திருக்கும், நம் கணக்கில் நாலு டிகிரி. ஏப்ரல் 1 டிரவுட் மீன் பருவம் தொடங்க நியூயார்க் மாநிலம் பல காலம் வைத்திருந்த தேதி. ஆறு இன்னும் குளிர்காலத்தில்தான் இருக்கும். வடக்குப் பார்த்த சரிவுகளில் பனி மிச்சமிருக்கும் வரை, வெயில் ஏற ஏற உருகின தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். கரையில் நிற்கிற நமக்கு வேர்க்கும், ஆறு சூடாகாது.

டிரவுட்டுக்குத் தனக்கென்று உடம்புச் சூடு கிடையாது. ஆற்றின் சூடுதான் அதன் சூடு. நாலு டிகிரியில் அதற்குச் செரிமானமே மெதுவாகத்தான் நடக்கும். நீரோட்டத்தோடு மல்லுக்கட்டத் தெம்பில்லாமல், ஆழமான மெத்தனமான மடுவில், அடியோடு அடியாக ஒட்டிக்கிடக்கும். வாய்க்கு நேராக மிதந்து வந்தால் தின்னும். இரண்டடி தள்ளிப் போனால் திரும்பியும் பார்க்காது. நீங்களோ அதன் தலைக்கு மேலே நாலடி உயரத்தில், வேகமான தண்ணீரில், மிதக்கிற பூச்சியை வீசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உலகத்தில் உள்ள எந்தப் பூச்சியைக் கட்டியிருந்தாலும் அது மேலே வந்திருக்காது.

தண்ணீர் பத்து டிகிரியைத் தொடும்போதுதான் கதை மாறும். பீவர்கில்லிலும் அதில் வந்து சேரும் வில்லோவீமாக் ஆற்றிலும் அது பெரும்பாலும் ஏப்ரல் கடைசி வாரம். அப்போது ஹெண்ட்ரிக்சன் என்று பேர் பெற்ற மேஃபிளை புறப்படும். ஏறக்குறைய ஒரு வருடம் தண்ணீருக்கடியில் கல்லிடுக்கில் வளர்ந்த புழு, பிற்பகல் இரண்டு மணி வாக்கில் மேலே வந்து, தோலை உரித்து, சிறகை உலர்த்திக்கொண்டு மிதந்து போகும். நம் ஊர் ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் திரளாக வரும், வந்தபின் ஆயுசு ஓரிரு நாள்தான், அதுவரை எதையும் தின்னாது. அந்த இரண்டு மணி நேரம் ஆறு முழுக்க மீன்களின் மூக்குகள் எழும்பும். அதைப் பார்த்தபிறகு காலை ஆறரைக்கு யாரும் போகமாட்டார்கள். வசந்தத்தின் தொடக்கத்தில் மீன்பிடி நேரம் நண்பகலிலிருந்து நாலு மணி வரை. அதற்கு முன்னால் தூங்குங்கள், மகளோடு தோசை சாப்பிடுங்கள்.

எந்த ஃபிளை என்று என்னைக் கேட்கிறீர்கள். நான் எடிசனுக்கு எதிர்த்திசையில் பிங்ஹாம்டனில் உட்கார்ந்திருக்கிறேன். பதில் உங்கள் காலடியில் கிடந்தது. ஓரத்தில், கணுக்கால் தண்ணீரில், தட்டு அகலமுள்ள ஒரு கல்லைப் புரட்டுங்கள். அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும், முதலில் ஒன்றும் தெரியாது. பத்து நொடி பொறுத்தால் அந்த வழவழப்பே அசையும். தட்டையாக, கல்லின் நிறத்திலேயே, அரைக் கடுகு அகலத் தலையோடு ஒன்று பக்கவாட்டில் நகரும். வாலை எண்ணுங்கள். மூன்று வால் இருந்தால் பெரும்பாலும் மேஃபிளை. இரண்டு வாலும் ஒவ்வொரு கால் நுனியிலும் இரண்டு நகமும் இருந்தால் ஸ்டோன்ஃபிளை. இரண்டு வாலோடு மேஃபிளையும் உண்டு, குவில் கார்டன் என்கிற வகை. அதன் காலில் ஒரு நகம்தான் இருக்கும். மணலைக் கோத்துக் கூடு கட்டி அதற்குள் இருப்பது கேடிஸ். மார்ச்சில் போனால் கரைப் பனியின்மேல் கறுப்பாக எறும்புபோல் நடந்து போகிறவையும் ஸ்டோன்ஃபிளைதான். எது நிறைய இருக்கிறதோ அதன் அளவிலும் நிறத்திலும் பாரம் வைத்துக் கட்டிய ஃபிளை ஒன்றை அடியில் உருளவிடுங்கள். கல்லைப் புரட்டின பிறகு இருந்தபடியே திருப்பி வையுங்கள்.

இனி நான் கோபமாக எழுதவேண்டிய இடம். "இடுப்பளவுத் தண்ணீரில் தனியாக" என்று பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி என்னை இரவு தூங்கவிடவில்லை.

2008 ஏப்ரல். எனக்கு அது இரண்டாவது வசந்தம், உங்களைப் போலவே ராடு தெரியும், வீச்சு கொஞ்சம் தெரியும். வில்லோவீமாக்கில் காலையிலிருந்து ஒன்றும் கிடைக்காத எரிச்சலில், எதிர்க்கரை மடு எட்டுமா என்று இன்னும் ஓரடி எடுத்துவைத்தேன். பாசி படிந்த உருண்டைக் கல். கால் வழுக்கிய ஞாபகம் இல்லை, கழுத்துவரை தண்ணீர் இருந்த ஞாபகம்தான். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சு நம்மைக் கேட்காமல் தானாக உள்ளே இழுக்கும். அந்த முதல் இழுப்பில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதோடு முடிந்தது. எனக்கு அந்த நொடி தலை மேலே இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இடுப்பு பெல்ட் காரில் கிடந்தது. வேடர்ஸுக்குள் நெஞ்சு வழியாகத் தண்ணீர் இறங்கியது. தண்ணீர் நிறைந்த வேடர்ஸ் ஆளை அமுக்கிக் கொன்றுவிடும் என்பார்கள். அது உண்மையில்லை, தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. ஆனால் எழுந்து கரையேற முயன்றால் கால் ஒவ்வொன்றும் ஒரு குடம். அந்த நிலையிலும் கையில் ராடைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன்.

"ராடை விடு" என்று யாரோ கத்தினார்கள். கீழே ஐம்பதடி தள்ளி நின்ற ஒரு முதியவர். எழுபத்தைந்து வயது இருக்கும். ஊன்றுகோலை நீட்டி இழுத்து, தன் பிக்கப் வண்டியில் ஹீட்டரைப் போட்டு உட்காரவைத்தார். எனக்குச் சட்டைப் பொத்தானைக் கழற்ற முடியவில்லை. விரல்கள் என்னுடையவையாக இல்லை. சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல் அவரே கழற்றினார். ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றித் தந்தார், கோப்பையைப் பிடிக்க முடியாமல் மடியில் கொட்டினேன். பிறகு அவரே பிடித்துக் குடிக்கவைத்தார். திட்டவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. இறங்கிப் போய், கயிற்றில் கட்டிய ஒரு தெர்மாமீட்டரை ஆற்றில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக்கொண்டு வந்து என் கண்ணுக்கு நேரே காட்டினார். 41 ஃபாரன்ஹீட்.

"கோப்பையைப் பிடிக்க முடியவில்லை, இல்லையா? மீனுக்கும் இன்றைக்கு இப்படித்தான் இருக்கிறது" என்றார்.

அந்தத் தெர்மாமீட்டர் இப்போது என் சட்டையில் தொங்குகிறது. மறுபடி வாங்கிக்கொள்ளவே மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த இரண்டு வசந்தம் அவரை அங்கே பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை.

கே., மீன் தொடாததற்கும் நீங்கள் செத்திருக்கக்கூடும் என்பதற்கும் காரணம் ஒன்றே. உங்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அடுத்த முறை தெர்மாமீட்டர் இல்லாமல், பெல்ட் இல்லாமல், கையில் ஊன்றுகோல் இல்லாமல், கூட ஒரு ஆள் இல்லாமல் ஏப்ரல் ஆற்றில் முழங்காலுக்கு மேல் இறங்கினீர்கள் என்றால் எனக்கு எழுதாதீர்கள், நான் பதில் போட மாட்டேன். குக்ஸ் ஃபால்ஸில் பீவர்கில்லின் நீரளவை எடுத்து இணையத்தில் போடுகிறார்கள், நொடிக்கு எத்தனை கன அடி என்று. அது ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் நான் காரை எடுப்பதில்லை. போவதற்கு முந்தின இரவு அதைப் பாருங்கள். கடந்த இரண்டு நாள் அளவைக் காட்டும் வரைகோடு ஏறுமுகமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மலையில் வெதுவெதுப்பான மழை பெய்தால் பனியும் சேர்ந்து உருகி வரும், காலையில் நடந்து கடந்த இடத்தை மாலையில் கடக்க முடியாது.

வெள்ளைக்காரர் விளையாட்டு என்று எழுதியதற்கு என்ன சொல்ல. முறப்பநாட்டுப் படித்துறையில் என் மாமா தூண்டில் போடுவார். மூங்கில் கம்பு, நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, கொட்டாங்கச்சியில் மண்புழு. வந்ததும் போட மாட்டார். வேட்டியை மடித்துக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தாமிரபரணிக்குள் விட்டுக்கொள்வார். ஒரு பீடி முடியும் வரை அப்படியே இருப்பார். எனக்குப் பத்து வயது, பொறுமை கிடையாது, பக்கத்தில் குதித்துக்கொண்டிருப்பேன். மார்கழியில் ஒருநாள் காலை எடுத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி குளுந்து கெடக்குல. மீனு மேல வராது. தக்கைய ஏத்திக் கட்டு."

தக்கையை நரம்பில் மேலே ஏற்றினால் புழு ஆழத்தில் தொங்கும். அன்றைக்கு இரண்டு கெளுத்தி கிடைத்தது.

விழுந்து எழுந்த மறுவருடம், அதே வில்லோவீமாக், தெர்மாமீட்டரில் 44. லைனில் இண்டிகேட்டர் என்று ஒரு மிதவை கட்டியிருந்தேன். அரைமணி நேரம் ஒன்றும் இல்லை. யோசிக்காமலே என் கை அதை ஒன்றரை அடி மேலே தள்ளியது. தள்ளின பிறகுதான் மாமாவின் குரல் கேட்டது. மூன்றாவது வீச்சில் மிதவை நின்றது. பன்னிரண்டு அங்குலம், பழுப்பு டிரவுட், வயிற்றோரம் வெண்ணெய் நிறம். கையை நனைத்துப் பிடித்தபோது கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது. மாமா போய் ஏழு வருடம் ஆகியிருந்தது, நான் ஊருக்குப் போக முடியவில்லை. அந்த மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து அழுதேன்.

நீங்கள் தேடிப்போகிற அந்தப் பழுப்பு டிரவுட்டும் 1883இல் ஜெர்மனியிலிருந்து முட்டையாகக் கப்பலில் நியூயார்க் வந்து இறங்கியதன் வம்சம். நம் நீலகிரியில், அவலாஞ்சியில், நூறு வருடத்துக்கு மேலாக வானவில் டிரவுட் குஞ்சு பொரித்து ஓடைகளில் விட்டிருக்கிறார்கள். ஊட்டிக்கு எத்தனை முறை போயிருப்பீர்கள்? ஒட்டுமா என்று இனிமேல் கேட்காதீர்கள்.

ராடு வேண்டாம், இருப்பதே போதும். சாட்டைச் சத்தம் வருவது, பின்னால் போன லைன் நீளுவதற்குள் நீங்கள் முன்னால் இழுத்துவிடுவதால். சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் எடை நரம்பை இழுத்துப் போகும். இதில் லைனின் எடைதான் பூச்சியைத் தூக்கிப் போகிறது, அது பின்னால் முழுக்க விரிந்தால்தான் ராடு வளையும். வீட்டுப் புல்தரையில், முனையில் ஒரு துண்டு கம்பளி நூல் கட்டி, தலையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தபடி வீசுங்கள், தினம் பத்து நிமிடம். முறையாகக் கற்க வேண்டுமென்றால் ஒரு பள்ளியில் சேருங்கள். லூ பீச் என்ற ஊரில் ஜோன் உல்ஃபும் அவர் கணவர் லீ உல்ஃபும் 1979இல் அப்படி ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். வீச்சை இன்னின்ன அசைவு என்று பிரித்துச் சொல்லித்தந்தவர் அந்த அம்மா. பலத்தால் வீசுகிற ஆண்கள் எல்லோரும் அவர் முறையைக் கற்கவேண்டும்.

உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் சொன்னால் அவருக்கு மரியாதையாக இருக்காது, தனியாக எழுதுகிறேன். மகளை ஜூனில் கூட்டிவாருங்கள், ஏப்ரலில் வேண்டாம். முதல் நாள் அவளுக்கு ராடு எதற்கு? கல் புரட்டக் கற்றுக்கொடுங்கள், வால் எண்ணட்டும்.

மே முதல் சனிக்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்கு ராஸ்கோவில், வில்லோவீமாக் பீவர்கில்லோடு சேரும் ஜங்ஷன் பூல் கரையில் இருப்பேன். ராடு முதல் ஒரு மணி நேரம் காரிலேயே இருக்கட்டும். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். வெள்ளி இரவு குக்ஸ் ஃபால்ஸ் ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் வராதீர்கள், அடுத்த வாரம் பார்ப்போம்.

அன்புடன்.