மரீ: தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள ஐயா,

அடிலெய்டில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். சென்ற மாதம் நண்பர்களோடு வடக்கே மரீ என்ற ஊர்வரை காரில் போனேன். ஒரு ஹோட்டல், துருப்பிடித்த ரயில் எஞ்சின்கள், மிச்சமெல்லாம் வானம். எந்த வரலாறும் இல்லாத இடத்தில் நிற்பது பெரிய விடுதலையாக இருந்தது. வேலையை விட்டுவிட்டு அப்படி ஓர் ஊரில் ஒரு வருடம் தங்கி நாவல் எழுதலாமா? ஊருக்கு மேற்கே தரையில் கீறியிருக்கும் ராட்சத மனித உருவத்தை யார் வரைந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அம்மாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தரை ஓவியத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 1998-இல் ஒரு விமானி கண்ணில் பட்டது, நான்தான் வரைந்தேன் என்று எவரும் முன்வரவில்லை. எனக்கு அதில் துளி அக்கறையும் கிடையாது.

என்னை உட்காரவிடாமல் செய்தது 'எந்த வரலாறும் இல்லாத இடம்' என்ற உங்கள் வரிதான். கொஞ்ச நாளாகவே ஆஸ்திரேலியாவின் ஒட்டகக்காரர்களைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சரியாக இந்த நேரம் பார்த்து இதை எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நாலு திட்டு விழும், வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஊர் ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா? பூமிக்கடியில் பரந்து கிடக்கும் ஆர்ட்டீசியன் படுகையின் தண்ணீர், அந்த வறண்ட நிலத்தில் வரிசையாகச் சில இடங்களில் தானே மேலே பொங்குகிறது. அங்குள்ள பழங்குடிகளான அரபானா மக்களும் டியாரி மக்களும் அந்த ஊற்றுகளை ஒட்டித்தான் நடந்தார்கள். காவிக்கல் வாணிபமும் அந்த வழியில்தான். 1859-இல் ஸ்டூவர்ட் என்ற நாடாய்வுப் பயணி அந்தப் பக்கம் வந்தபோது, கூட வந்த ஹெர்காட் என்ற ஜெர்மானியர் ஓர் ஊற்றைக் கண்டார். அவர் பெயரே இடத்தின் பெயராயிற்று. 1872-இல் முடிந்த தந்திக்கம்பியும் பிறகு ரயிலும் அதே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வடக்கே போயின. 1884-இல் ரயில் இந்த ஊருக்கு வந்தது. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன் பெயர் உறுத்தி, 1918-இல் ஹெர்காட் ஸ்பிரிங்ஸை மரீ ஆக்கினார்கள்.

ரயில் நின்ற இடத்துக்கு அப்பால் சுமை தூக்கியது ஒட்டகம். தாமஸ் எல்டர் என்ற பண்ணை முதலாளி 1866-இல் கராச்சியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களைக் கப்பலில் இறக்கினார். அவற்றோடு ஆட்களும் வந்தார்கள். பலூசிஸ்தான், பெஷாவர், பஞ்சாப், சிந்து என்று எங்கிருந்து வந்திருந்தாலும் வெள்ளைக்காரனுக்கு எல்லோரும் 'ஆப்கான்'தான். மனைவி மக்களைக் கூட்டிவராமல் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். ஊரைத் தண்டவாளம் இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் ஆப்கானியரும் பழங்குடியினரும். அந்த மறுபக்கத்தில் மண்ணால் ஒரு மசூதி கட்டினார்கள், பேரீச்சை நட்டார்கள். கல்லறையிலும் இதே பாகப்பிரிவினைதான்.

ஒட்டகத்துக்குச் சுமை ஏற்றுவது சாதாரணக் காரியம் இல்லை. மண்டியிட வைத்து, வைக்கோல் அடைத்த சேணத்தின் இரு பக்கமும் ஒரே எடையைக் கட்ட வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடினாலும் முதுகு புண்ணாகும். அந்த வெயிலில் புண்ணான முதுகு என்றால் ஒட்டகமும் போச்சு, சரக்கும் போச்சு. நல்ல ஆண் ஒட்டகம் 500 கிலோவுக்கு மேல் சுமக்கும். முன்னே போகும் ஒட்டகத்தின் வாலிலோ சேணத்திலோ ஒரு கயிறு, அதன் மறுமுனை பின்னால் வருவதன் மூக்கில் குத்திய மரக்குச்சியில். கயிற்றை வேண்டுமென்றே மெல்லியதாக வைப்பார்கள். ஒன்று மிரண்டு இழுத்தால் கயிறுதான் அறும், மூக்கு கிழியாது. இந்தச் சின்ன சூட்சுமத்தின் மேல்தான் ஓர் உள்நாடே நின்றது. கம்பளியைக் கொண்டுவந்ததும் மாவையும் வேலிக்கம்பியையும் கொண்டுபோய்ச் சேர்த்ததும் இவர்கள்.

கைம்மாறு என்ன கிடைத்தது? 1903 சட்டம் ஆசியாவில் பிறந்தவனுக்குக் குடியுரிமை இல்லை என்றது. லாரி வந்ததும் பிழைப்பு போனது. 1925-இல் தெற்கு ஆஸ்திரேலியா ஒட்டகங்களை அழிக்க ஒரு சட்டமே போட்டது. அத்துமீறித் திரியும் ஒட்டகத்தைச் சுடலாம். வளர்த்த பிராணியைச் சுட மனம் வராமல் பலர் அவிழ்த்து விட்டுவிட்டார்கள். அவற்றின் சந்ததிதான் பாலைவனமெங்கும் லட்சக்கணக்கில் பெருகியது.

மரீயில் பேஜா தர்வேஷ் என்று ஒருவர் இருந்தார், பலூசிஸ்தான்காரர். 1896-இல் லாரன்ஸ் வெல்ஸ் தலைமையில் போன கால்வர்ட் என்ற நாடாய்வுப் பயணத்தின் ஒட்டகங்கள் அவர் பொறுப்பு. கிரேட் சாண்டி பாலைவனத்தில் அந்தக் குழுவில் இரண்டு பேர் தாகத்தில் செத்தார்கள். பேஜா திரும்பி வந்து மரீயில் குடும்பம் நடத்தி 1957வரை இருந்தார். அவர் மகன் ஜாக், 1939-இல் நிலவியலாளர் மாடிகனோடு சிம்சன் பாலைவனத்தைக் கடந்தவர். அந்தப் பாலைவனத்துக்கு யார் பெயர் தெரியுமா? மாடிகனின் பயணத்துக்குப் பணம் கொடுத்த அடிலெய்டு தொழிலதிபர் பெயர். ஒட்டகத்தை நடத்திப்போனவன் பெயர் இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது, நீங்கள்தான் அலுத்துப்போவீர்கள்.

டாம் க்ரூஸ் என்ற தபால் லாரிக்காரரை (நடிகர் அல்ல) அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். மணலில் புதைந்த லாரியைத் தோண்டித் தோண்டி பேர்ட்ஸ்வில்வரை தபால் கொண்டுபோனவர். நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த புகழில் கால்வாசியாவது அந்தப் பாதையில் அவருக்கு முன்னால் நடந்தவர்களுக்குக் கிடைத்ததா?

நீங்கள் பார்த்த எஞ்சின்களுக்கு வருகிறேன். 1957-இல் தெற்கிலிருந்து அகலமான பாதை மரீவரை வந்தது, வடக்கே பழைய குறுகிய பாதை அப்படியே இருந்தது. எல்லாச் சரக்கையும் இங்கே இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். என் அப்பா இரண்டு பாதைகள் சந்திக்கும் ஸ்டேஷனில் கூட்ஸ் ஷெட் குமாஸ்தா. மூட்டை மாற்றும் இடத்தில் ராத்திரி பகல் கிடையாது. டீக்கடை, சண்டை, கடன், காதல் எல்லாம் அங்கே உண்டு. வீட்டுக்கு வந்தாலும் அவர் சத்தமாகத்தான் பேசுவார். மரீயும் அப்படித்தான் இரைந்திருக்கும். 1980-இல் வடக்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு, பழைய பாதைக்கு மேற்கே தள்ளி, வெள்ளத்தில் அடித்துப்போகாத புதுப் பாதை வந்தது. பழையதை மூடினார்கள். நீங்கள் விடுதலை என்று ரசித்த அமைதி, வேலை போனவர்கள் மூட்டை கட்டியதால் வந்தது.

முன்பு ஒரு நண்பரோடு அங்கே போயிருக்கிறேன். காரைவிட்டு இறங்காமலே "இங்க என்னங்க இருக்கு?" என்றார். பழைய மசூதியின் மாதிரியாகப் பிற்பாடு கட்டிய மண் கூடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு அவரைத் தாறுமாறாகத் திட்டினேன். அடுத்த ஊர்வரை இருவரும் பேசவில்லை. இப்போதும் அவர் எனக்குப் பிரியமானவர்தான், நீங்களும் அப்படியே.

சரி, வேலையை விடுவது. விடாதீர்கள். நூறு பேருக்குள் வாழும் ஊரில் யாரும் உங்களைத் தனியாக விடமாட்டார்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பது மத்தியானத்துக்குள் ஹோட்டலில் தெரிந்துவிடும். நாவல் எழுத அடிலெய்டில் உள்ள உங்கள் அறையே போதும். லீவு போட்டுப் போவதானால் ஜூன், ஜூலையில் போங்கள். இந்த முறை கல்லறைக்குப் போய், ஆப்கானியர் பகுதியில் எத்தனை பெயர்களைப் படிக்க முடிகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். அம்மா விஷயத்துக்குத் தனியாக மின்னஞ்சல் அனுப்புகிறேன், அதைப் பொதுவில் பேச வேண்டாம்.