தோழிகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் மார்க் குறையுமா?

கேள்வி:

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கில் வகுப்பிலேயே முதல் மார்க் எப்போதும் அவளுக்குத்தான். அரையாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து அவளுடைய தோழிகள் நான்கு பேர் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து அவளிடம் கணக்குக் கேட்டுக்கொள்கிறார்கள். அதில் ஒரு பெண் முதல் திருப்புதல் தேர்வில் 22 மார்க்தான். பாவம், அவளுக்கு அம்மா மட்டும்தான். டியூஷன் வைக்க வசதியில்லை. என் மகளும் ஆசையாகத்தான் சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால் முதல் திருப்புதலில் 96 எடுத்தவள் இரண்டாம் திருப்புதலில் 88க்கு இறங்கிவிட்டாள். கேட்டால், "கிராஃப் போட நேரமே இல்லம்மா" என்கிறாள். போன வாரம் என் கணவர் அந்தப் பிள்ளைகள் முன்னாலேயே, "ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தது போதும், உன் படிப்பைப் பாரு" என்று சத்தம் போட்டுவிட்டார். மறுநாளிலிருந்து யாரும் வருவதில்லை. மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, அப்பாவோடு பேசுவதும் இல்லை. "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்கிறார் என் மாமியார். கணவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரி,

போகிற போக்கில் ஒரு விவரம் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். 96, 88. போனது 8 மார்க். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் வரைபடக் கேள்விக்கு எத்தனை மார்க் தெரியுமா? அதே 8. கிராஃப் போட நேரமில்லை என்று உங்கள் மகள் சொன்னது சாக்கு இல்லை. அவள் இழந்த மார்க் எங்கே போனது என்பதற்குத் துல்லியமான கணக்கு அது.

இன்றே அந்த விடைத்தாளை எடுத்துக்கொண்டு மகளோடு உட்காருங்கள். ஒரு மார்க் கேள்வி 14, இரண்டு மார்க் கேள்வி 10, ஐந்து மார்க் கேள்வி 10, கடைசியில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். முன்பு எழுதியபடியே மற்றப் பகுதிகளை எழுதியிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் அவளுக்குக் கணக்கு மறந்துபோகவில்லை. எழுதுகிற வேகம்தான் குறைந்திருக்கிறது.

வேகம் ஏன் குறைந்தது என்றால், உங்கள் கணவரின் கவலையில் உண்மை இருக்கிறது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இத்தனை நாளாகத் தினமும் சாயங்காலம் அவள் கணக்கை வாயால் சொல்லியிருக்கிறாள். தோழிகளுக்காக ஒரு வரி, ரெண்டு வரி எழுதிக் காட்டியிருப்பாள். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு முழுத் தாளை மூன்று மணி நேரத்தில் எழுதிப் பார்த்திருக்க மாட்டாள். வாய்க்குப் பழகியது கைக்குப் பழகாது. ஆக, அவள் சொல்லிக்கொடுத்தது தப்பில்லை. சொல்லிக்கொடுத்துவிட்டு எழுதாமல் விட்டதுதான் குறை. அதைச் சரிசெய்ய ஆறு வாரம் தாராளம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவள். ஒரு வருஷம் இணைந்த உருவங்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். உருளையின் மேல் அரைக்கோளம் உட்கார்ந்திருக்கும், மொத்தப் புறப்பரப்பு காண வேண்டும். அரைக்கோளத்துக்கு வளைபரப்பான 2πr²-ஐ மட்டும் எடுக்கவேண்டிய இடத்தில் பாதி வகுப்பு 3πr² எடுக்கும். மூன்று தடவை சொல்லிவிட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் தலையை ஆட்டுவாள், மறுபடியும் 3πr² எழுதுவாள். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அவளுடைய தோழி, டிபன் பாக்ஸ் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்து, அதன் தலையில் பாதி ஆரஞ்சுத் தோலைக் கவிழ்த்தாள். "இது முழுக்க நீ பெயின்ட் அடிக்கணும். டம்ளரும் தோலும் ஒட்டுற இடத்துல பிரஷ் போகுமா?" "போகாது." "அப்புறம் ஏன்டி அந்த வட்டத்தையும் சேர்த்துக் கூட்டுற?" அவ்வளவுதான். அந்தப் பெண் அதற்குப் பிறகு அந்தத் தப்பைச் செய்யவே இல்லை.

நான் சொன்னதும் அதேதான். ஆனால் அந்தத் தோழி ரெண்டு வாரம் முன்னால் வரைக்கும் அதே தப்பைச் செய்துகொண்டிருந்தவள். எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எனக்கு அது மறந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. உங்கள் வீட்டுக் கூடத்தில் தினமும் அந்த நான்கு பிள்ளைகளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது இதுதான். எந்த டியூஷனிலும் காசு கொடுத்து வாங்க முடியாது. உங்கள் மகளுக்கும் இதில் லாபம் உண்டு. 'ஏன்?' என்று ஒருத்தி கேட்கும்போதுதான், நாம் மனப்பாடமாகப் போட்டுக்கொண்டிருந்த வரி எது, புரிந்து போட்ட வரி எது என்பது நமக்கே தெரியும்.

உங்கள் கணவரிடம் ஒரு பழைய விஷயத்தையும் சொல்லுங்கள். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒரு பையன் இருப்பான். வாத்தியார் ஒருவர்தான், பிள்ளைகள் நிறைய. அதனால் முன்னேறிய பையன் மற்றவர்களை மணலில் எழுதவைத்து, எண்சுவடியை ராகம் போட்டுச் சொல்லவைப்பான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ஒரு அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திவந்த ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் இதைப் பார்த்து, தன் இல்லத்திலும் பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவைத்தார். ஊர் திரும்பியபின் 1797இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் ஏராளமான பள்ளிக்கூடங்கள் அதை எடுத்துக்கொண்டன. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி இருக்கிறது. பெல் விட்டுப்போன பணத்தில் எழுந்தது அது. நம் திண்ணையிலிருந்து போன பழக்கம்தான் உங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்திருக்கிறது.

சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பும் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். உங்கள் மகளிடம் அது இருக்காது. ஆனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் கையில் வேறொன்று இருக்கும்: பேனா. தோழி தடுமாறினால் போதும், வெடுக்கென்று நோட்டை இழுத்து, "இங்க கொடு" என்று தானே போட்டுவிடுவார்கள். பார்க்கிறவளுக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தால் முதல் வரி வராது. அதனால் ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள். சொல்லிக்கொடுக்கிறவள் பேனாவைத் தொடக்கூடாது, கேட்கிறவள்தான் எழுதவேண்டும்.

ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன். y = x² − 4x + 3 வரைபடம் வரைந்து, அதைக் கொண்டு x² − 6x + 9 = 0 சமன்பாட்டைத் தீர்க்கவேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் y = 2x − 6 என்ற நேர்க்கோடு வரும். இந்தக் கழித்தலில்தான் பிள்ளைகள் விழுவார்கள். −4x-இலிருந்து −6x-ஐக் கழிக்கும்போது குறியை மாற்றாமல் −10x என்று எழுதிவிடுவார்கள். அந்த நேரம் உங்கள் மகள், "தப்பு, 2x" என்று சொல்லக்கூடாது. "அந்தக் கோட்டைப் போட்டுப் பாரு" என்று விட்டுவிட வேண்டும். சரியான கோடு வளைவரையை x = 3இல் ஒரே ஒரு புள்ளியில் தொடும். தப்பான கோடு, y = −10x − 6, வேறெங்கோ x = −3இல் போய்த் தொடும். அந்த x மதிப்பைச் சமன்பாட்டில் போட்டால் பூஜ்யம் வராது. தன் கையாலேயே போட்டுப் பார்த்துத் திரும்பி வருகிற பிள்ளை பரீட்சையில் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதையும் விட்டுவிடச் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் ஆமாம் என்றுதான் சொல்லும். "இப்ப நீ எனக்குச் சொல்லு" என்று கேட்கட்டும்.

இன்னொன்று. அஞ்சு பேரில் ஒருத்தியே எப்போதும் டீச்சராக இருந்தால் மற்ற நாலு பேருக்கும் உள்ளுக்குள் ஒரு கூச்சம் இருந்துகொண்டே இருக்கும். இன்னொருத்தி கவராயத்தைப் பிசகாமல் பிடிப்பாள், ஒருத்திக்குத் தேற்றங்கள் அப்படியே மனதில் நிற்கும். மொத்தம் எட்டுப் பாடம்தான். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளட்டும். வடிவியல் நாளில் உங்கள் மகளும் நோட்டை எடுத்துக்கொண்டு கேட்கிற இடத்தில் உட்காரட்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை நான் உங்கள் கணவர் பக்கம். சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும், அஞ்சரையிலிருந்து ஆறரை. போன் எல்லாம் அடுப்படியில் இருக்கட்டும். இருட்டுவதற்குள் பிள்ளைகள் வீடு போய்ச் சேரவேண்டும். ராத்திரி அவள் நேரம். அதில் யாரும் போன் போட்டு டவுட் கேட்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அஞ்சு பேரும் சேர்ந்து முழுத் தேர்வு எழுதட்டும். பொதுத்தேர்வில் நடப்பதுபோலவே பத்து மணிக்கு வினாத்தாள், பத்து நிமிஷம் படிக்க, அஞ்சு நிமிஷம் விவரங்களைச் சரிபார்க்க, பத்தேகாலுக்குத் தொடங்கி ஒன்றேகாலுக்கு முடிக்கவேண்டும். கூடத்தில் பெரிய கடிகாரமாக ஒன்று மாட்டுங்கள். வடிவியலையும் வரைபடத்தையும் கடைசிக்கு வைக்காமல், இரண்டு மார்க் முடிந்ததும் உங்கள் மகள் போட்டுவிடட்டும். பென்சிலை முதல் நாளே சீவி வைத்துக்கொள்ளட்டும்.

எழுதி முடித்ததும் தாளை மாற்றிக்கொண்டு திருத்தவேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் பல வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். சூத்திரம் எழுதியதற்கு, மதிப்புகளைப் போட்டதற்கு, விடைக்கு என்று படிப்படியாகத்தான் மார்க் விழும். விடை தப்பாகப் போனாலும் முன்னால் உள்ள படிகளுக்கு மார்க் உண்டு. தேற்றத்துக்குப் படம் போடாமல் விட்டவர்கள், செய்முறை வடிவியலில் உதவிப்படத்தை மறந்தவர்கள் எத்தனை பேர்! தோழியின் தாளில் சிவப்பு மையால் ஒரு தடவை மார்க்கைக் குறைத்த பிள்ளை, தன் தாளில் அந்த இடத்தை விடாது.

அந்த 22 மார்க் பெண்ணைப் பற்றி உங்கள் கணவரிடம் தனியாகப் பேசுங்கள். பாஸாக அவளுக்கு இன்னும் வேண்டியது 13 மார்க். வடிவியலையும் வரைபடத்தையும் தினம் ஒன்றாகப் போட்டுப் பழகினால் 16க்கு 12 வாங்கலாம். பாடத்தின் பின்னால் இருக்கும் பலவுள் தெரிவு வினாக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் 10 மார்க் வரும். தேல்ஸ் தேற்றத்தைப் படத்தோடு எழுதப் பழகட்டும், வந்தால் 5. கூட்டுத்தொடர் வரிசை மாதிரி சூத்திரம் போட்டாலே முடிகிற இரண்டு மார்க் கணக்கு நான்கு. கூட்டிப் பாருங்கள், 35. இதை அந்தப் பிள்ளை தனியாக உட்கார்ந்து செய்யாது. பயம் விடாது. நாலு பேர் நடுவில் உட்கார்ந்தால் செய்யும்.

அவள் பாஸானால் உங்கள் மகளின் மார்க்கில் ஒன்றும் குறையாது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். மாநில ரேங்க் அறிவிப்பதை 2017லேயே நிறுத்திவிட்டார்கள். யாரையும் முந்தவேண்டிய பரீட்சை இல்லை இது. ஆனால் கணக்குத் தேர்வுக்கு முந்தின ரெண்டு நாள் யாரும் கூடவேண்டாம். அந்த நேரத்தில் ஒருத்தியின் பதற்றம் எல்லோருக்கும் தொற்றிக்கொள்ளும்.

அப்புறம், அப்பாவும் மகளும். அவர் கோபப்பட்டது மகள் மேல் உள்ள அக்கறையால்தான். ஆனால் மற்றப் பிள்ளைகள் முன்னால் சத்தம் போட்டது அவளுக்குப் பெரிய அவமானம். பதினைந்து வயதில் அது சோறு இறங்காத அளவுக்கு வலிக்கும். அவர் பெரிதாக ஒன்றும் பேசவேண்டியதில்லை. கடைத்தெருவுக்குப் போகும்போது ஒரு கட்டு வரைபடத்தாள் வாங்கிவந்து மகள் கையில் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லும்மா, நான் மணி பார்க்கிறேன்" என்று சொன்னால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் கண்காணிப்பாளராக உட்கார்ந்து பார்க்கட்டும். மகளுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எந்தக் கணக்கில் நிற்கிறாள் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

மூன்று பிள்ளைகள் உங்கள் மகள் கூப்பிட்டாலே வந்துவிடுவார்கள். அந்த நாலாவது பிள்ளை வராது. தன்னால்தான் இந்த வீட்டில் சண்டை என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். போன் செய்தால் "சரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடும். நீங்களே நேரில் போங்கள். அவள் அம்மாவிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.