காரின் முன்கதவில் காம்போனென்ட் ஸ்பீக்கர் மாட்டினால் உண்மையிலேயே வித்தியாசம் தெரியுமா? ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் மாட்டினால் காசு தண்டமா?

வித்தியாசம் தெரியும். சரியாக மாட்டினால் மட்டும். எனக்கு நாலு மாசம் தெரியவில்லை, அதனால்தான் இந்தப் பதில்.

உங்களிடமும் கம்பெனியே கொடுத்த காகிதக் கோன் ஸ்பீக்கர்தான் இருக்கும், வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றினால் கரகரக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். 2019 ஆகஸ்டில் நானும் அப்படித்தான் இருந்தேன். 8,200 ரூபாய்க்கு ஆறரை இஞ்ச் காம்போனென்ட் செட் ஒன்று வாங்கினேன்: தாழ்ந்த ஒலிக்குக் கதவில் இரண்டு வூஃபர், மேல் ஒலிக்குக் கண்ணாடி ஓரத்தில் இரண்டு ட்வீட்டர், நடுவில் ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் இரண்டு கிராஸ்ஓவர் டப்பா. "பாட்டு கேட்க வீட்டில் இடமில்லையா, கார் ஓட்டத்தானே?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: தாம்பரத்திலிருந்து அண்ணா சாலைக்கு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். எனக்கு உட்கார்ந்து பாட்டு கேட்க வாய்த்த ஒரே இடம் அதுதான்.

ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் மாட்டினேன். பெயர் வேண்டாம். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, "சும்மா அதிரும் சார்" என்றார் அந்தத் தம்பி. மேல்ஸ்தாயி பளிச்சென்று கேட்டது. ஜால்ரா, வீணை மீட்டு எல்லாம் துல்லியம். நானும் பூரித்துப்போனேன்.

அப்பா முன்சீட்டில் ஏறிய அன்றுதான் வினை. கச்சேரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் பேசாமல் வந்தவர், "என்னடா, மிருதங்கத்துல வலந்தலை மட்டும்தான் கேக்குது? தொப்பி எங்க போச்சு?" என்றார். வலந்தலை மிருதங்கத்தின் வலக்கைப் பக்கம்; தொப்பி தாழ்ந்த ஒலி தரும் இடக்கைப் பக்கம். புது ஸ்பீக்கர், போகப் போகப் பழகும் என்று சமாளித்தேன். பழகவில்லை.

நவம்பர் கடைசியில் மழை பிடித்தது. அப்பா காலடியில் மேட் சொதசொதவென்று இருந்தது. குடைத் தண்ணீர் என்று நினைத்தேன். இரண்டு நாளில் காருக்குள் ஊறின சாக்கு வாடை.

கதவின் உட்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினேன். கைப்பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ, ஆர்ம்ரெஸ்ட் மூடிக்குக் கீழே இன்னொன்று, மற்றதெல்லாம் கிளிப். உள்ளே ஒட்டியிருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட் ஸ்பீக்கரைச் சுற்றி பிளேடால் அறுபட்டுத் தொங்கியது. கதவுக்குள் தண்ணீர் இறங்குவது கோளாறில்லை. கண்ணாடி வழியாக இறங்கி, அடியிலுள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். அதை உட்பக்கம் வராமல் தடுப்பது அந்த ஷீட்தான். கனமான பிளாஸ்டிக்கை வெட்டி, கறுப்பு பியூட்டைல் பசை வைத்து ஒட்டினேன்.

நனைந்த கார்ப்பெட்டை மொட்டை மாடிக் கொடியில் போட்டதற்கு அசோசியேஷன் செயலாளர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார், "பொது இடம்" என்று. அவர் வீட்டுப் பழைய வாஷிங் மெஷின் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு வருஷமாக நிற்கிறது, அது எந்த இடமோ. சரி, விடுங்கள்.

கழற்றியதுதான் கழற்றினோம் என்று தொப்பியையும் தேடினேன். ஸ்டீரியோவில் இட வலச் சத்தத்தைப் பங்கிடும் பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் தள்ளினால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, வருகிறது. முழுக்க வலப்பக்கம் தள்ளினாலும் வருகிறது. நடுவில் வைத்தால் மாயம். ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியை எடுத்து, பிளஸ்ஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று கிராஸ்ஓவரின் உள்ளீட்டு வயர்களில் ஒரு நொடி தொட்டேன். வலது கோன் வெளியே துள்ளியது. இடது கோன் உள்ளே போனது. கடைத் தம்பி இடது வூஃபர் வயரை பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒன்று காற்றைத் தள்ள, மற்றது இழுக்க, தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே சுமார் மூன்றரை மீட்டர், காருக்குள் அது தப்பிக்க இடம் ஏது? வயரை மாற்ற ஐந்து நிமிஷம் ஆனது.

எல்லா மெக்கானிக்கும் இப்படி என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். நான்தான் கூடவே நிற்காமல் டீ குடிக்கப் போனேன்.

ஆம்ப்ளிஃபையர் கேட்டீர்களே. கார் ஸ்டீரியோவின் அட்டைப்பெட்டியில் 4×50 வாட் என்று இருக்கும். தொடர்ந்து கொடுப்பது ஒரு சேனலுக்குப் பதினைந்து, இருபதுதான். அதனால் 90 டெசிபெலுக்குக் குறையாத சென்சிட்டிவிட்டி (குறைந்த வாட்டிலேயே சத்தம் தரும் திறன்) உள்ள ஸ்பீக்கராகப் பாருங்கள், ஆம்ப் பிறகு வாங்கலாம். மிச்சக் காசில் கதவுக்கு அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டுங்கள், அடி ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கம்பெனி வயரை வெட்ட விடாதீர்கள், வெட்டாமல் செருகி இணைக்க அந்த வண்டிக்கென்றே கப்ளர் கிடைக்கிறது. வாங்கும் முன் ஜன்னலை முழுக்க இறக்கி, ஸ்பீக்கரின் பின்பக்கக் காந்தத்தில் கண்ணாடி இடிக்காத அளவுக்கு ஆழம் இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் பேலன்ஸை மூன்று இடத்திலும் வைத்துக் கேளுங்கள்.

அப்பாவுக்குத் தொப்பி திரும்பக் கிடைத்துவிட்டது. நான் கழற்றும்போது உடைத்த இரண்டு கிளிப்புக்கு மாற்று இன்னும் வாங்கவில்லை, வேகத்தடையில் இடது கதவு லேசாகக் கடகடக்கிறது. அதைப் பற்றி அவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.