கிணற்றுக்குப் போகும் மகனிடம் என்ன சொல்வது?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருக்கிறான். கூட்டாளிகளோடு தோட்டத்துக் கிணறுகளில் குளிக்கப் போகிறான். அவன் அப்பா வெளிநாட்டில் இருக்கிறார். திட்டிப் பார்த்தேன், ஒருநாள் அடித்தும் விட்டேன். இப்போது சொல்லாமலே போகிறான். ஈரத்தலையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன். மாமாவின் பைக்கையும் கேட்டு அடம்பிடிக்கிறான். எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, மேலூர் வட்டம்

பதில்: சகோதரி, அடிக்குப் பயந்து அவன் கிணற்றை விடவில்லை, உங்களிடம் சொல்வதைத்தான் விட்டிருக்கிறான். எந்தக் கிணறு, கூட யார் யார், பெரியவர்கள் யாராவது உண்டா என்பதெல்லாம் இனி உங்களுக்குத் தெரியாது. முதலில் சரிசெய்ய வேண்டியது இதை.

இந்த வயதுப் பையன்களுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. தனியாக இருக்கும்போது ஓரளவு யோசிப்பார்கள். நாலு பேர் மேட்டில் நின்று ‘குதிடா, பயமா?’ என்று கத்தும்போதுதான் யோசனை பறந்துவிடும். ஆகவே, அந்த இடத்தில் மானம் போகாமல் விலகிவர அவனுக்கு ஒரு சாக்கு வேண்டும். இப்படிப் பேசி வையுங்கள்: அவன் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் நீங்கள் உடனே திருப்பிக் கூப்பிட்டு, ‘அப்பத்தாவுக்கு முடியலை, கிளம்பி வா’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அன்றைக்கு வீட்டில் வசவும் கிடையாது, விசாரணையும் கிடையாது. ஒருமுறை வார்த்தை மீறினாலும் அடுத்த மிஸ்டு கால் வராது.

அடுத்து, ஊரில் நன்றாக நீச்சல் தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ ஒருவரைக் கூட்டிக்கொண்டு, அவன் கூட்டாளிகளையும் சேர்த்துப் பகலில் அந்தக் கிணற்றுக்கே போங்கள். எது எது ஆபத்து என்று பையன்களையே சொல்லவிடுங்கள். சுற்றுச்சுவர் இருக்கிறதா, விளிம்புக் கல் ஆடுகிறதா, படியில் பாசி எத்தனை படிவரை, மோட்டார் வயரில் ஒட்டுப் போட்டிருக்கிறதா. மோட்டார் ஓடும்போது யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொடக் கூடாது. பிறகு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்க்கச் சொல்லுங்கள், நாலைந்து இடத்தில். தையில் பாறைக்கு மேல் நின்ற தண்ணீர் சித்திரையில் இறங்கிவிடும். போன தடவை குதித்த அதே இடம்தானே என்று தலைகீழாகப் பாய்கிறவனுக்குத்தான் கழுத்தெலும்பு முறிகிறது.

பத்தாவது முடித்தவன் என்பதால் ஒரு கணக்கும் போடச் சொல்லலாம். உயரத்திலிருந்து விழும் வேகத்துக்கான சமன்பாடு அவன் ஒன்பதாம் வகுப்பிலேயே படித்ததுதான். 10 அடியிலிருந்து குதித்தால் தண்ணீரைத் தொடும்போது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் வேகம். 30 அடி என்றால் 48. நாம் சொல்வதைவிடத் தன் கையால் போட்ட விடையைத்தான் இந்த வயதில் நம்புவார்கள்.

முங்கிக்கொண்டு யார் அதிக நேரம் தம் பிடிப்பது என்ற போட்டியைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டால் கூடுதல் நேரம் தாங்கலாம் என்று பையன்களுக்குள் ஒரு வித்தை உண்டு. அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். மூச்சுவிடத் தவிக்க வைப்பதே அந்த வாயுதான். தவிப்பு வருமுன்பே மூளைக்கு ஆக்சிஜன் போதாமல், சத்தமில்லாமல் மயங்கிவிடுவான். நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் இது நடக்கும். மேலே நிற்பவர்கள் அவன் ஜெயித்துக்கொண்டிருக்கிறான் என்று எண்ணியிருப்பார்கள்.

ஒருவன் தத்தளித்தால் இன்னொருவன் குதிக்கக் கூடாது. முங்குகிறவன் கைக்குக் கிடைத்தவனை அமுக்கித்தான் மேலே வரப் பார்ப்பான். ஒரு சாவு இரண்டு மூன்றாவது இப்படித்தான். 5 லிட்டர் எண்ணெய் கேனில் அரை லிட்டர் தண்ணீர் விட்டு இறுக மூடி, கிணற்றின் ஆழத்துக்குப் போதுமான கயிற்றில் கட்டிக் கிணற்று மேட்டிலேயே வைத்திருக்கட்டும். அந்த அரை லிட்டர், வீசும்போது கேன் காற்றில் அலையாமல் போவதற்கு. அவசரத்துக்கு வேட்டி, துண்டுகளை முடிந்தும் போடலாம்.

தூக்கியபின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது எல்லாம் வேண்டாம். பொன்னான நேரம் போகும். வயிற்றில் இருப்பது மூச்சுக்குழாயில் இறங்கவும் கூடும். மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் ஊத வேண்டும். அசைவில்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, 2 ஊதல் என்று மாறி மாறி. நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கு வேகத்தில், 5 சென்டிமீட்டர் இறங்கும்படி. அதற்குள் இன்னொருவன் 108-ஐக் கூப்பிட வேண்டும். தோட்டத்துக் கிணற்றுக்கு விலாசம் ஏது? எந்த ரோட்டில் எந்த இடத்தில் திரும்புவது என்று சொல்லப் பழக்குங்கள். ஒரு பையன் ரோட்டுக்கே ஓடிப்போய் நிற்கட்டும். பிழைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத்திணறலைக் கொண்டுவரும்.

கைவிட்ட கிரானைட் குவாரிக் குட்டைகளுக்கு மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம். செங்குத்தாக அறுத்த சுவர். ஏறப் படியும் இல்லை, பிடிக்க வேரும் இல்லை. மண் அள்ளிய கண்மாயும் அப்படியே. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பவன் அடுத்த எட்டில் ஆள் முங்கும் பள்ளத்தில் போய்விடுவான். வலிப்பு வருகிற பிள்ளை யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்தால், அவன் வீட்டில் பேசி, கிணற்றையே நிறுத்திவிடச் சொல்லுங்கள். முறையாகக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நீச்சல் குளம் இருக்கிறது.

பைக் விஷயத்தில் பேச்சே வேண்டாம், மாமாவிடமே சொல்லிவிடுங்கள். 16 வயதானாலும் 50 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ்; மற்றதற்கு 18 ஆக வேண்டும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவன் ஓட்டிப் பிடிபட்டால் வண்டிக்காரருக்கோ பெற்றோருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது. கடைசியாகச் சொன்னதை அவன் காதில் முதலில் போடுங்கள்.